ஹாலோவீன் படவரிசை: பதின்மூன்றையும் மீண்டும் பார்த்தபின் ஒரு தரவரிசை

இருள்விழி எழுதியது:

ஹாலோவீன் என்ற பெயரில் 1978 முதல் 2022 வரை வந்த பதின்மூன்று அமெரிக்கத் திகில் படங்களையும் வெளியான வரிசைப்படியே மீண்டும் பார்த்து முடித்திருக்கிறேன். இவற்றைத் தரம்பிரிக்க முயல்பவர்கள் முதலில் தடுமாறும் இடம், இவை ஒரே கதை அல்ல என்பதுதான். முதல் படத்தின் கதையை இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு ஆகிய பாகங்கள் ஒரு வழியில் கொண்டுசெல்கின்றன. 1998இல் வந்த ‘எச் 20’, நான்கு முதல் ஆறு வரை நடந்தவற்றைத் துடைத்துவிட்டு இரண்டாம் பாகத்திலிருந்து வேறொரு வழியில் போகிறது. 2018ஆம் ஆண்டுப் படமோ இரண்டாம் பாகத்தையும் சேர்த்தே விலக்கிவிட்டு முதல் படத்தோடு மட்டும் உறவு கொண்டாடுகிறது. இயக்குநர் ராப் ஸோம்பியின் இரண்டு படங்கள் எல்லாவற்றையும் அடியிலிருந்து புதிதாகச் சொல்கின்றன. மூன்றாம் பாகத்தில், மற்றப் படங்களின் முகமூடிக் கொலைகாரனான மைக்கேல் மையர்ஸே கிடையாது. ஆகவே கதைத் தொடர்ச்சியை வைத்து இவற்றை அளக்க முடியாது. கொலைகளின் எண்ணிக்கையை வைத்து அளப்பதும் எனக்கு உடன்பாடில்லை. இவற்றுள் மிகச் சிறந்த படத்தில் கொல்லப்படும் மனிதர்கள் ஐந்தே பேர், திரையில் ரத்தமும் ஏறக்குறைய இல்லை.

என் அளவுகோல் ஒன்றுதான். முகமூடி அணிந்த அந்த மனிதன் ஏன் கொல்கிறான் என்ற கேள்விக்கு ஒரு படம் எவ்வளவு குறைவாக விடை சொல்கிறதோ, அந்த அளவுக்கு அது மேலே வருகிறது. காரணம் தெரிந்த கொலைகாரனாக இருந்தால், அவனுடைய பகைக்கு நாம் ஆளாகவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். காரணமே இல்லாதவனிடம் அந்தத் தேறுதலுக்கு வழியில்லை.

முதலிடம் 1978ஆம் ஆண்டுப் படத்துக்கு என்பதை இங்கு யாரும் மறுக்கமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்; இருந்தாலும் அதைப் பற்றித்தான் அதிகம் எழுத விரும்புகிறேன். ஜான் கார்ப்பென்டர் இயக்கி, டெப்ரா ஹில்லுடன் சேர்ந்து எழுதிய இந்தப் படம், ஏறத்தாழ மூன்று லட்சம் டாலர் செலவில், கலிபோர்னியாவின் தெற்குப் பாசடீனாவிலும் ஹாலிவுட்டிலும் வசந்த காலத்தில் எடுக்கப்பட்டது. கதை நடப்பதோ இல்லினாய் மாநிலத்தின் ஹேடன்ஃபீல்ட் என்ற கற்பனை ஊரில், அக்டோபர் கடைசியில். இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் அவற்றையே அள்ளியெடுத்து அடுத்த காட்சிக்கும் பயன்படுத்தினார்கள். முகமூடியும் அப்படித்தான் கிடைத்தது. நடிகர் வில்லியம் ஷாட்னரின் முகச்சாயலில் செய்யப்பட்டுக் கடையில் மலிவாக விற்ற ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகமூடி ஒன்றை வாங்கி, புருவத்தையும் கிருதாவையும் நீக்கி, கண்துளைகளைப் பெரிதாக்கி, வெள்ளை வண்ணம் தெளித்தார் படத்தின் கலை இயக்குநர் டாமி லீ வாலஸ். எந்த உணர்ச்சியும் இல்லாத ஒரு முகம் அப்படி உருவாயிற்று. நடிகர் பட்டியலில்கூட நிக் காஸில் ஏற்ற வேடத்துக்கு மைக்கேல் என்ற பெயர் இல்லை, ‘உருவம்’ என்று மட்டுமே இருக்கிறது.

படம் 1963ஆம் ஆண்டின், பிள்ளைகள் வேடமிட்டுச் செல்லும் ஹாலோவீன் திருநாள் இரவில், கொலைகாரனின் கண்வழியே தொடங்குகிறது. சமையலறையில் கத்தியை எடுக்கும் கை, மாடிப்படி, முகமூடியின் துளைகள் வழியே தெரியும் அக்காளின் அறை, அதன்பின் வாசலில் பெற்றோர் முகமூடியைக் கழற்றும்போது நாம் காண்பது ஆறு வயதுச் சிறுவனின் முகம். அந்த முகத்தில் கோபமும் இல்லை, அச்சமும் இல்லை. (கத்தியைப் பிடித்திருக்கும் கை டெப்ரா ஹில்லுடையது என்பதை அறிந்தபின் அக்காட்சியை நான் இன்னும் உன்னிப்பாகப் பார்க்கிறேன்.) டாக்டர் லூமிஸாக வரும் டொனால்ட் பிளெசன்ஸ் பின்னர் சொல்லும் வசனம் இந்த முகத்துக்கான உரை போன்றது: எட்டு ஆண்டுகள் அவனை நெருங்கிப் புரிந்துகொள்ள முயன்றதாகவும், அடுத்த ஏழு ஆண்டுகள் அவன் வெளியே வந்துவிடாதபடி அடைத்துவைக்கவே பாடுபட்டதாகவும் அவர் சொல்கிறார். மனநல மருத்துவர் ஒருவர் விளக்கத்தைக் கைவிட்டுவிட்ட இடம் அது.

அதன்பிறகு அகன்ற திரையில் டீன் கண்டியின் ஒளிப்பதிவு வேலை செய்யத் தொடங்குகிறது. விடுதியிலிருந்து தப்பி வந்த மைக்கேல் பின்தொடரும் இளம்பெண் லாரி ஸ்ட்ரோடாக வரும் ஜேமி லீ கர்டிஸ் சட்டகத்தின் ஓர் ஓரத்தில் இருப்பார். மீதி இடம் சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கும் இடத்தைத்தான் நம் கண் துழாவிக்கொண்டிருக்கும். கடைசிப் பகுதியில் லாரியின் பின்னால் இருண்ட வாசலில் முகமூடி மெல்ல மெல்ல வெளிப்படும் காட்சியில் அந்த உருவம் நடந்து வருவதில்லை. அது முன்பே அங்கு நின்றிருக்கிறது, ஒளி மட்டுமே கூடுகிறது.

இரண்டாம் இடம் 2018ஆம் ஆண்டுப் படத்துக்கு. மைக்கேலின் தங்கை லாரி என்று 1981இல் இரண்டாம் பாகம் கட்டிய உறவை இயக்குநர் டேவிட் கார்டன் கிரீன் துணிந்து அறுத்தெறிந்தார். ஹேடன்ஃபீல்டுக்குத் திரும்பும் மைக்கேல் வீடுவீடாகப் புகும் நீண்ட ஷாட்டில், தொட்டிலில் அழும் குழந்தையைக் கடந்துபோகிறான். அதை ஏன் விட்டுவிட்டான் என்பதற்கும் படம் காரணம் தரவில்லை. மைக்கேலின் மனத்துக்குள் என்ன இருக்கிறது என்று அறியத் துடிக்கும் டாக்டர் சார்ட்டெய்னின் கிளைக்கதையைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எழுத்தில் அது தளர்வாக இருப்பது உண்மைதான், ஆனால் விளக்கம் தேடியவரை மைக்கேலே நசுக்கிவிடுவது இந்தப் படத்துக்கு முற்றிலும் பொருந்துகிறது.

மூன்றாவதாக மூன்றாம் பாகம், நான்காவதாக நான்காம் பாகம். ஐந்தாவது ‘எச் 20’: பெயரை மாற்றிக்கொண்டு பள்ளித் தலைமையாசிரியையாக வாழும், குடியில் ஆறுதல் தேடும் லாரி, கதவின் வட்டக் கண்ணாடி வழியே அண்ணனின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கும் அந்த ஒரு காட்சிக்காகவே அது அங்கே இருக்கத் தகுதியானது. ஆறாவது 1981ஆம் ஆண்டின் இரண்டாம் பாகம். அடுத்து 2022இல் வந்த ‘என்ட்ஸ்’, ஸோம்பியின் இரண்டாவது படம், ஐந்தாம் பாகம், ஆறாம் பாகம், 2021இல் வந்த ‘கில்ஸ்’, ஸோம்பியின் முதல் படம் என்று இறங்குகிறது. கடைசி இடம் 2002இல் வந்த ‘ரெசரெக்‌ஷன்’. ‘எச் 20’ படத்தின் முடிவில் லாரி வெட்டியது வேறொரு மனிதனின் தலை என்று சொல்லி அந்த முடிவைப் பறித்ததோடு, தொடக்கத்திலேயே லாரியையும் கொன்றுவிட்டு, இணைய ஒளிபரப்பு நிகழ்ச்சி ஒன்றின் கதைக்குள் போய்விடும் படம் அது.

உங்கள் வரிசையையும், அதைவிட முக்கியமாக உங்கள் அளவுகோலையும் எழுதுங்கள்.


கண்டநடை எழுதியது:

இருள்விழி அவர்களின் அளவுகோலை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் முதல் படத்தைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு இசையைச் சொல்லாமல் விட்டது வருத்தமாக இருக்கிறது. அந்த முகப்பிசையின் தாளம் ஐந்தில் அமைந்தது. இன்னும் நுணுக்கமாக எண்ணினால், மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு என்று பத்து சிற்றலகுகளாக அது பிரிகிறது. கார்ப்பென்டரின் தந்தை இசைப் பேராசிரியர். சிறுவனாக இருந்தபோது பாங்கோ முரசில் இந்த ஐந்தின் கணக்கை அவர்தாம் கற்றுக்கொடுத்தார். நான்கின் நடைக்குப் பழகிய காது அடுத்த தட்டு எங்கே விழும் என்று எதிர்பார்க்கிறதோ, அங்கே அது விழுவதில்லை. நீங்கள் சொல்லும் ‘விடை கிடைக்காத தன்மை’ படத்தின் முதல் நொடியிலேயே காதுக்குள் புகுந்துவிடுகிறது. இசை சேர்க்காத பிரதியைப் பார்த்த ஸ்டூடியோ நிர்வாகி ஒருவருக்குச் சற்றும் பயம் எழவில்லை என்று கார்ப்பென்டரே கூறியிருக்கிறார். அதன்பிறகு சில நாட்களில் இசையமைத்துச் சேர்த்த படத்தைத்தான் உலகம் பார்த்தது.

இதே காரணத்துக்காக ‘எச் 20’ என் வரிசையில் கீழே போகும். ஜான் ஆட்மன் அமைத்த இசையின் பல பகுதிகளை நீக்கிவிட்டு, வேறு திகில் படங்களுக்காக மார்கோ பெல்ட்ராமி அமைத்த இசைத்துண்டுகளை அங்கே பொருத்தினார்கள். அந்தக் காட்சிகளில் படம் தன் சொந்தக் குரலை இழந்துவிடுகிறது.

மூன்றாம் பாகத்தை நான் இரண்டாம் இடத்தில் வைப்பேன். 1982இல் டாமி லீ வாலஸ் இயக்கிய இந்தப் படம், ஆண்டுதோறும் ஹாலோவீனை ஒட்டி ஒரு புதுக் கதை என்ற திட்டத்தின் தொடக்கமாக அமைந்திருக்க வேண்டியது. மைக்கேல் இல்லை என்ற கோபத்தில் ரசிகர்கள் அதைப் புறக்கணித்தார்கள், திட்டமும் அதோடு முடிந்தது. கார்ப்பென்டரும் ஆலன் ஹோவர்த்தும் சின்தசைசரில் அமைத்த இசை அடித்தளத்தில் உறுமிக்கொண்டிருக்க, அதன்மேல் ‘லண்டன் பிரிட்ஜ்’ மழலைப்பாட்டின் மெட்டில் சில்வர் ஷாம்ராக் என்ற முகமூடி நிறுவனத்தின் விளம்பரப் பாட்டு திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அந்த முகமூடிகளை விற்கும் கோக்ரனாக டான் ஓ’ஹெர்லிஹி வருகிறார். குழந்தைகளை ஏன் கொல்லப்போகிறாய் என்று கேட்கும்போது, அதற்குக் காரணம் வேண்டுமா என்றுதான் அவன் முதலில் சொல்கிறான். பிறகு பண்டைய கெல்ட் மக்களின் திருநாளைப் பற்றி நீளமாகப் பேசினாலும், அந்தப் பேச்சு அவன் செயலைவிடச் சிறியதாகவே நிற்கிறது. உங்கள் அளவுகோலை இதைவிட நன்றாக நிறைவேற்றும் படம் முதல் படத்தைத் தவிர வேறு இல்லை. கடைசியில் மூன்றாவது அலைவரிசையில் மட்டும் குழந்தைகளைக் கொல்லும் அந்த விளம்பரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, தொலைபேசியில் கத்தும் டாம் அட்கின்ஸின் முகத்தோடு படம் முடியும் துணிவு இத்தொடரின் வேறெந்தப் படத்துக்கும் இல்லை.


பழையசுருள் எழுதியது:

இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அடிப்படையிலேயே நான் வேறுபடுகிறேன். கொலைகாரனைப் பற்றி நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்பது பாதி அச்சம்தான். மற்றப் பாதி, யாரை இழந்துவிடுவோமோ என்று நாம் பதைக்கிறோம் என்பதில் இருக்கிறது. இந்த இரண்டாம் பாதியில் நான்காம் பாகம் முதல் படத்துக்கு அடுத்து நிற்கிறது.

டுவைட் லிட்டில் 1988இல் இயக்கிய இந்தப் படத்தின் பெயர்ப்பட்டியல் ஓடும் தொடக்கத்தைப் பாருங்கள். அறுவடை முடிந்த வயல்வெளி, வைக்கோல், பொம்மைகள், மங்கும் வானம், அவ்வளவுதான். எடுத்தது யூட்டா மாநிலத்தில். ஆனாலும் இலையுதிர்காலத்தை இவ்வளவு உணரவைத்த தொடக்கம் இத்தொடரில் வேறு இல்லை. எழுத்தாளர் சங்க வேலைநிறுத்தம் தொடங்குமுன் பதினொரு நாட்களில் ஆலன் மெக்எல்ராய் எழுதி முடித்த திரைக்கதை இது. அவசரத்தில் எழுதியதன் சுவடுகள் இருக்கின்றன என்பதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் லாரியின் மகளான ஜேமி என்ற சிறுமியை அவர் எழுதியதில் அவசரமே இல்லை. தாய் இறந்துபோய் வேறொரு வீட்டில் வளரும் குழந்தை, பள்ளியில் மற்றப் பிள்ளைகள் அவளுடைய தாய்மாமன் மைக்கேலைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள், ஆனாலும் அந்த இரவில் மற்றவர்களைப்போல வேடமிட்டுத் தெருவில் இறங்க அவளுக்கு ஆசை. டானியெல் ஹாரிஸ் அந்த வயதில் இதை எப்படி நடித்தார் என்பது இன்றும் எனக்கு வியப்பு. எல்லி கார்னெல் நடித்த வளர்ப்பு அக்காள் ரேச்சலும் அவளும் வழுக்கும் கூரையின்மேல் தவழ்ந்து செல்லும் காட்சியில் நான் அஞ்சுவது மைக்கேலுக்காக அல்ல. ரேச்சலின் பிடி நழுவிவிடக் கூடாதே என்றுதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தப் படத்தில் ஊர்க்காரர்கள் துப்பாக்கியோடு வண்டிகளில் கிளம்பி, இருட்டில் அசைந்த ஓர் அப்பாவியை மைக்கேல் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். சில நிமிடங்களில் சொல்லி முடித்துவிட்ட இந்தச் செய்தியைத்தான் 2021இல் ‘கில்ஸ்’ ஒரு முழுப் படமாக நீட்டியது. நான்காம் பாகம் அதற்காக மேடை போட்டுப் பேசவில்லை.

முடிவில் மாமனுக்குப் பதிலாக அந்தக் குழந்தையே கத்தரிக்கோலுடன் மாடிப்படியின் உச்சியில் நிற்பதும், லூமிஸ் அலறுவதும் இத்தொடரின் மிகக் கொடிய முடிவு. உறவு என்ற காரணத்தைக் கொடுத்துவிட்டும் இவ்வளவு அச்சத்தைத் தந்த படம் இருக்கும்போது, காரணம் கொடுப்பதே குற்றம் என்று நீங்கள் தீர்ப்பளிப்பது சரியாகப் படவில்லை.


இருள்விழி எழுதியது:

பழையசுருள் அவர்களே, நான்காம் பாகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வரியையும் நான் மறுக்கமாட்டேன். என் கேள்வி, அந்த முடிவுக்கு அடுத்து என்ன நடந்தது என்பது. ஓராண்டில் ஐந்தாம் பாகம் வந்தது. ஜேமி குத்திய வளர்ப்புத்தாய் பிழைத்துவிட்டார் என்றும், ஜேமி பேச்சிழந்து மருத்துவமனையில் இருக்கிறாள் என்றும், மாமனுக்கும் அவளுக்கும் மனத்தொடர்பு இருக்கிறது என்றும் சொல்லி அந்த முடிவைத் தண்ணீரில் கரைத்தது. நீங்கள் நேசிக்கும் ரேச்சலைப் படத்தின் தொடக்கத்திலேயே கொன்றது. இயக்குநர் டொமினிக் ஒத்தெனின்-ஜிரார் திறமை இல்லாதவர் அல்லர்; துணி போடும் குழாய்க்குள் ஜேமி சிக்கிக்கொண்டு மைக்கேலின் கத்திக்குத் தப்பும் காட்சி மிக நன்றாக அமைந்திருக்கிறது. ஆனால் படப்பிடிப்பு தொடங்கும்போது திரைக்கதை முடிந்திருக்கவில்லை. கறுப்பு உடையில் ஒரு மர்ம மனிதரையும், மைக்கேலின் மணிக்கட்டில் ஒரு குறியையும் காட்டிவிட்டார்கள், அவற்றின் பொருளை யோசிக்கும் வேலை அடுத்தவர்களுக்கு விடப்பட்டது.

அடுத்தவர்கள் 1995இல் ஆறாம் பாகத்தில் அதை யோசித்தார்கள்: ‘தார்ன்’ என்ற பழைய சாபம், அதைக் காக்கும் ஒரு ரகசியக் கூட்டம், குடும்பத்தையே பலியிட வேண்டும் என்ற விதி. 1981இல் தங்கை என்றார்கள்; தங்கையாக நடித்தவர் திரும்பி வராதபோது தங்கை மகள் தேவைப்பட்டாள்; ஒருவன் ஏன் தன் குடும்பத்தை மட்டும் தேடிக் கொல்ல வேண்டும் என்ற கேள்வி எழுந்தபோது சாபம் தேவைப்பட்டது. ஒரு காரணத்தைக் கொடுத்ததும் அந்தக் காரணத்துக்கு ஒரு காரணம் கேட்கிறது. நான்காம் பாகத்தின் வெற்றி டானியெல் ஹாரிஸின் வெற்றி. அந்த உறவுமுறைதான் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அதே உறவுமுறைதான் தொடரைச் சாபக்கதைக்குள் இழுத்துப்போயிற்று.

இந்த உறவு முதல் திரைக்கதையில் இருந்த ஒன்றல்ல என்பதையும் மறந்துவிட வேண்டாம். இரண்டாம் பாகத்தை எழுதும்போது, இரவில் பியர் குடித்துக்கொண்டு, சொல்ல எதுவும் இல்லாத நிலையில் சேர்த்ததாகக் கார்ப்பென்டரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் படத்தைத் தொலைக்காட்சிக்கு விற்றபோது, நேரத்தை நிரப்ப 1981இல் புதிதாக எடுத்துச் சேர்த்த காட்சிகளுள் ஒன்றில், மனநல விடுதியின் கதவில் ‘தங்கை’ என்று கீறப்பட்டிருக்கும். முதல் படத்தின் உள்ளேயே போய்க் காரணத்தை எழுதிவைத்துவிட்டார்கள். எனக்கு அது தாங்கமுடியாததாக இருக்கிறது.


மழைக்காகம் எழுதியது:

ராப் ஸோம்பியின் 2009ஆம் ஆண்டுப் படத்தை எட்டாவதாக வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலோர் அதைக் கடைசிக்கு அனுப்பிவிடுவதால் இதற்கே நன்றி சொல்ல வேண்டும், ஆனாலும் அது மூன்று இடமாவது மேலே வர வேண்டும் என்று வாதாடுகிறேன்.

2007ஆம் ஆண்டுப் படத்தைப் பற்றி உங்களோடு உடன்படுகிறேன். மைக்கேலின் சிறுவயதை விரித்துச் சொல்லி, தாயோடு வாழும் குடிகாரன், பள்ளியில் கொடுமை, வதைபடும் விலங்குகள் என்று ஒரு வழக்குக் கோப்பைப்போல அடுக்கியபின், முதல் படத்தின் கதை முழுவதையும் பின்பாதிக்குள் திணித்தால் இரண்டுக்குமே மூச்சு முட்டும். மிகையாக விளக்கி அந்த மர்மத்தைக் கெடுத்துவிட்டது என்று கார்ப்பென்டரும் சொன்னார். அதில் மைக்கேலாக வரும் டைலர் மேன் மிக உயரமான முன்னாள் மல்யுத்த வீரர். அவர் வாசலில் நின்றால் அச்சம் வருவது இயல்பு, ஆனால் அது ஒரு பெரிய உடலைக் கண்ட அச்சம்.

இரண்டாவது படத்தில் ஸோம்பிக்கு முதல் படத்தின் கடன் எதுவும் பாக்கி இல்லை. பதினாறு மில்லிமீட்டர் சுருளில் எடுத்ததால் இரவுகள் எல்லாம் புழுதியும் சேறுமாகத் தெரிகின்றன. வெள்ளைக் குதிரையோடு வரும் தாயின் கனவுருக்கள் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் லாரியைப் பாருங்கள். ஒரு கொலை இரவில் தப்பிய பெண் அடுத்த படத்தில் வீராங்கனையாக எழுவதைத்தான் ஸ்லாஷர் என்னும் தொடர்கொலைத் திகில் படங்கள் பழக்கமாக வைத்திருக்கின்றன. ஸ்கவுட் டெய்லர்-காம்ப்டன் நடித்த லாரி அப்படி எழவில்லை. தூங்க முடியாமல், நண்பர்களிடம் எரிந்து விழுந்து, மருந்துக்காக மருத்துவரிடம் கெஞ்சி, மெல்ல மெல்ல உடைகிறாள். மால்கம் மெக்டவலின் லூமிஸ் அந்த இரவைப் புத்தகமாக்கி விற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். இறந்த பெண் ஒருத்தியின் தந்தை அவர் முன்னால் வந்து நிற்கும்போது அவரிடம் சொல்ல எதுவும் இல்லை.

ஷெரீஃப் பிராக்கெட்டாக வரும் பிராட் டூரிஃப் தன் மகள் ஆனியின் உடலைக் காணும் காட்சிக்காகவே இப்படம் வாழும். அந்த ஆனியாக நடித்தவர், 1988இல் சிறுமி ஜேமியாக நடித்த அதே டானியெல் ஹாரிஸ். படம் அந்தக் கொலையைவிட அதற்குப் பிந்தைய நொடிகளுக்கே இடம் கொடுக்கிறது. பதின்மூன்று படங்களில் ஓர் இறப்புக்காகத் தந்தை ஒருவர் இப்படி நிலைகுலைவதை நான் வேறெங்கும் காணவில்லை. பழையசுருள் அவர்கள் சொன்ன ‘யாரை இழந்துவிடுவோமோ’ என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால், இழந்தபின் என்ன ஆகிறது என்று கேட்ட ஒரே படம் இது.


நடுநிசிப்பயணி எழுதியது:

உங்கள் விவாதம் முழுவதையும் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் 2018ஆம் ஆண்டுப் படத்தையும் அதன் பின்வந்த இரண்டையும் மட்டுமே பார்த்திருக்கிறேன். பழைய படங்களை எந்த வரிசையில் பார்ப்பது நல்லது என்றும், ஆறாம் பாகத்துக்கு இரண்டு வடிவங்கள் இருப்பதாகப் படித்தேனே, அவற்றுள் எது என்றும் யாராவது சொல்ல வேண்டும். நான் பார்த்த மூன்றில் ‘என்ட்ஸ்’ மிகப் பிடித்திருந்தது. இதைச் சொன்ன இடங்களில் எல்லாம் என்னோடு சண்டைக்கு வந்தார்கள், ஆகவே இங்கே உங்கள் கருத்தையும் அறிய விரும்புகிறேன்.


கண்டநடை எழுதியது:

நடுநிசிப்பயணி, உங்களோடு நானும் நிற்கிறேன். ‘என்ட்ஸ்’ தொடங்கும்போது பெயர்ப்பட்டியலின் எழுத்து நீல நிறத்தில், மூன்றாம் பாகத்தின் எழுத்துவடிவில் வரும். இந்தப் படமும் உங்களுக்கு மைக்கேலைக் கொஞ்சமாகத்தான் தரும் என்று இயக்குநர் அங்கேயே சொல்லிவிடுகிறார். பார்த்துக்கொள்ளச் சொன்ன குழந்தை விபத்தில் இறந்துபோக, ஊரே கொலைகாரன் என்று ஒதுக்கும் கோரி என்ற இளைஞனின் கதை அது. கோரி கன்னிங்ஹாம் என்ற பெயர், கார்ப்பென்டர் 1983இல் இயக்கிய ‘கிறிஸ்டீன்’ படத்தின் நாயகனுக்கு அவர்கள் செலுத்தும் மரியாதை. ரோஹன் கேம்ப்பெல்லின் கண்கள் படத்தின் பாதியில் மாறும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். மைக்கேலை இழந்த ஊர் வேறொருவனை மைக்கேலாக ஆக்கிக்கொள்கிறது என்ற எண்ணம், இத்தனை படங்களுக்குப் பிறகு யாருக்கும் தோன்றாதது. கார்ப்பென்டர், அவர் மகன் கோடி, டேனியல் டேவிஸ் மூவரும் அமைத்த இசையில், கோரியும் லாரியின் பேத்தி அலிசனும் சேர்ந்திருக்கும் காட்சிகளில் வரும் பகுதி இத்தொடருக்கு முற்றிலும் புதிது.


பழையசுருள் எழுதியது:

என் எதிர்ப்பை இங்கே பதிவு செய்கிறேன். கோரியின் கதை தனிப்படமாக வந்திருந்தால் நானும் பாராட்டியிருப்பேன். நான்கு ஆண்டுகளாக மூன்று படங்களில் லாரிக்கும் மைக்கேலுக்குமான இறுதி மோதலை வாக்களித்துவிட்டு, அந்த மோதலைக் கடைசியில் ஒரு சமையலறைச் சண்டையாகச் சுருக்கியது நேர்மையல்ல. பழைய வாகனங்களை அரைக்கும் இயந்திரத்தில் மைக்கேலின் உடலை ஊரார் எல்லோரும் கூடிநின்று போடுவது மட்டும் எனக்கு நிறைவாக இருந்தது. இனி எந்த எழுத்தாளரும் அது வேறொருவனின் உடல் என்று எழுத முடியாதபடி அவர்கள் அதைச் செய்தார்கள்.

‘கில்ஸ்’ படத்தை இருள்விழி பதினொன்றாவதாக வைத்ததை ஏற்கிறேன், ஆனால் அதில் 1978ஆம் ஆண்டு இரவைத் திரும்ப உருவாக்கிய பகுதியை விலக்கிவிட்டுத்தான் ஏற்கிறேன். கணினியைக் கொண்டு வரையாமல், ஒப்பனையின் துணையோடு வேறொருவரை லூமிஸாக நிறுத்தி, பழைய படத்தின் ஒளியையும் நிறத்தையும் அவ்வளவு நுட்பமாக மீட்டிருக்கிறார்கள். மைக்கேலை அங்கேயே சுட்டுக்கொல்ல லூமிஸ் முனையும்போது இளம் காவலர் ஹாக்கின்ஸ் தடுத்துவிடுவதும், அந்தப் பாரத்தை நாற்பது ஆண்டுகள் சுமப்பதும் நல்ல கதை. அதை வைத்தே முழுப் படத்தையும் எடுத்திருக்கலாம்.


இருள்விழி எழுதியது:

‘கில்ஸ்’ கீழே போனதற்கு என் காரணம் வேறு. கடைசியில் லாரியின் குரலில் ஒரு நீண்ட பேச்சு வருகிறது: கொல்லக் கொல்ல மைக்கேல் மனிதனுக்கு அப்பாற்பட்ட ஒன்றாக உயர்கிறான் என்று அவர் சொல்கிறார். 2018இல் அறுத்தெறிந்த விளக்கத்தை மூன்றே ஆண்டுகளில் வேறு வடிவில் ஒட்டவைத்துவிட்டார்கள். மருத்துவமனையில் திரண்ட கூட்டம் விரட்டிய அந்த அப்பாவி நோயாளி மாடியிலிருந்து குதித்து இறக்கும் காட்சி, அந்தப் பேச்சு இல்லாமலே எல்லாவற்றையும் சொல்லியிருந்தது.

மழைக்காகம் எழுதியதைப் படித்துவிட்டு ஸோம்பியின் இரண்டாவது படத்தை ‘என்ட்ஸ்’ படத்துக்கு மேலே, ஏழாவதாகக் கொண்டுவருகிறேன். பிராக்கெட்டின் காட்சிக்கு நான் போதிய எடை கொடுத்திருக்கவில்லை. அதற்கு மேலே போகாதபடி அந்த வெள்ளைக் குதிரை தடுக்கிறது. மைக்கேலின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று திரையில் காட்டிவிட்ட ஒரு படத்தை என்னால் அதற்கு மேல் ஏற்ற முடியாது. 1981ஆம் ஆண்டின் இரண்டாம் பாகம் ஆறாவதாகவே இருக்கட்டும். தங்கை என்ற அந்த ஒரு வசனத்தை நீக்கிவிட்டால், ஏறக்குறைய ஆளே இல்லாத மருத்துவமனையின் நடைகூடங்களில் டீன் கண்டி மீண்டும் செய்த வேலை அதை இன்னும் மேலே கொண்டுபோயிருக்கும்.

நடுநிசிப்பயணிக்கு: முதலில் 1978ஆம் ஆண்டுப் படத்தைப் பாருங்கள், காட்சிகள் சேர்த்த தொலைக்காட்சி வடிவம் வேண்டாம், திரையரங்கில் வந்த வடிவமே வேண்டும். அகன்ற திரை விகிதம் வெட்டப்படாத பிரதியாக இருக்க வேண்டும் என்பது இன்னும் முக்கியம், ஏனென்றால் மைக்கேல் பெரும்பாலும் சட்டகத்தின் ஓரத்தில்தான் நிற்கிறான். அதன்பின் இரண்டாம் பாகத்துக்குப் போகாமல் மூன்றாம் பாகத்தைப் பாருங்கள். அதில் ஒரு மதுக்கூடத்துத் தொலைக்காட்சியில் முதல் படத்தின் விளம்பரம் ஓடும், நீங்கள் அதை ரசிப்பீர்கள். பிறகு இரண்டு, நான்கு, ‘எச் 20’ என்று போகலாம். நான்காம் பாகத்தின் முடிவைப் பார்த்துவிட்டு ஐந்தாம் பாகத்தைச் சில வாரங்கள் தள்ளிவையுங்கள், அந்த முடிவுக்கு அவ்வளவு காலமாவது உங்கள் மனத்தில் இடம் வேண்டும். ஆறாம் பாகத்தில் 2014இல் முறையாக வெளிவந்த தயாரிப்பாளர் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். சாபக்கதை அதிலும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் டொனால்ட் பிளெசன்ஸ் 1995 பிப்ரவரியில் மறைந்தபின், அவரில்லாமல் மறுபடி எடுத்த காட்சிகளைக் கொண்டு திரையரங்கு வடிவத்தை ஒட்டினார்கள்; அவர் நடித்துக் கொடுத்ததில் அதிகப் பகுதி இந்த வடிவத்தில்தான் எஞ்சியிருக்கிறது.